நர்ஸ் செய்யும் தியானம் நோயாளிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

கேள்வி கேட்டவர் புற்றுநோய் பாலியேட்டிவ் வார்டில், அதாவது முற்றிய நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பிரிவில், நர்ஸ். இரண்டு வருடமாகக் காலையில் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்கிறார். அதைத் தெரிந்துகொண்ட வார்டு டாக்டர், "நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுங்களேன்" என்றிருக்கிறார். தன் தியானம் அவர்களுக்கு உண்மையிலேயே உதவுமா, உதவும் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

உதவும். ஆனால் முதலில் உதவப்போவது நீங்கள் சொல்லிக்கொடுக்கும் தியானம் அல்ல, நீங்கள் காது கொடுத்துக் கேட்கும் விதம். அந்த வார்டில் பலரால் பத்து நிமிடம் நிமிர்ந்து உட்கார முடியாது. ஒருவருக்கு வாந்தி, ஒருவருக்கு மூச்சுத்திணறல், இன்னொருவர் மருந்தின் அசதியில் பாதித் தூக்கத்தில் இருப்பார். தியான வகுப்பு என்று ஆரம்பித்தால் அது கொஞ்சம் தெம்பாக இருக்கிற நாலு பேருக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் நீங்கள் எல்லோருக்கும் ஊசி போடுகிறீர்கள், புண்ணைச் சுத்தம் செய்து கட்டுகிறீர்கள், எல்லோருடைய கேள்விக்கும் பதில் சொல்கிறீர்கள். தியானம் முதலில் அங்கே வேலைக்கு வரட்டும். சொல்லிக்கொடுப்பது இரண்டாவது கட்டம். அதற்கும் பின்னால் வருகிறேன்.

இரவு டூட்டி என்று வைத்துக்கொள்வோம். மணி இரண்டு இருக்கும். ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். தூங்காமல் படுத்திருக்கும் அம்மா, உங்கள் முகத்தைப் பார்க்காமலே, "நான் பொழைப்பேனா சிஸ்டர்?" என்று கேட்கிறார். அந்த நொடியில் உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது? தொண்டை இறுகும், வயிறு ஒரு பிடி பிடிக்கும், கை வேலையில் வேகம் கூடும். அந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்க வாய் தானாகவே, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, கண்டதை நினைக்காம தூங்குங்க" என்று சொல்லிவிடும். சொன்னவருக்கு நிம்மதி. கேட்டவருக்கோ, இதைப் பற்றி இங்கே பேசக்கூடாது போல என்ற முடிவு. பிறகு அவர் கேட்க மாட்டார்.

மூச்சைக் கவனிக்கும் தியானத்தில் தினமும் நடப்பது என்ன? கவனம் ஓடிவிடுகிறது, ஓடியதைக் கண்டுபிடிக்கிறீர்கள், திரும்பக் கூட்டிவருகிறீர்கள். முழங்கால் வலிக்கிறது, உடனே காலை மாற்றாமல் அந்த வலியோடு நாலு மூச்சு இருந்து பார்க்கிறீர்கள். இந்த இரண்டு பழக்கமும்தான் இரண்டு மணிக் கேள்விக்குத் தேவை. தொண்டை இறுகுவது தெரிந்துவிட்டால், வாய் திறப்பதற்கு முன் ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் ட்ரிப்ஸை விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னம்மா நினைச்சிட்டிருந்தீங்க?" என்று கேட்க முடியும். அவருடைய கவலை சாவைப் பற்றியே இல்லாமல் இருக்கலாம். மகள் கல்யாணத் தேதியாக இருக்கலாம், அடமானத்தில் இருக்கும் நகையாக இருக்கலாம், வலி இன்னும் அதிகமாகுமோ என்ற பயமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. கேட்காமல் தெரியாது.

1984-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, நோயாளி தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கியதும் டாக்டர்கள் சராசரியாக 18 வினாடியில் குறுக்கிட்டார்கள் என்று கண்டது. டாக்டர்கள் மட்டும் அப்படி இல்லை. சங்கடத்தைச் சீக்கிரம் முடித்துவிட நினைக்கும் எவரும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்றால், உண்டு. ஆனால் தியானம் செய்கிறவர்கள் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு உறுதியானது இல்லை. 2007-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வந்தது. பயிற்சியில் இருந்த 18 உளவியல் சிகிச்சையாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைத் தினமும் காலையில் ஜென் தியானம் செய்யவைத்தார்கள். அவர்களிடம் சிகிச்சை பெற்ற உள்நோயாளிகள் மொத்தம் 124 பேர். தன் சிகிச்சையாளர் தியானம் செய்கிறாரா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரியாது. தியானம் செய்தவர்களின் நோயாளிகளிடம் முன்னேற்றம் அதிகமாக இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சிகிச்சையாளருடைய விழிப்புணர்வைக் கேள்வித்தாளால் அளந்து, நோயாளியின் முன்னேற்றத்தோடு ஒப்பிட்ட வேறு ஆய்வுகளில் தொடர்பு தெளிவாக இல்லை. ஒன்றிரண்டில் எதிர்மாறாகவும் வந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தாலே அடுத்தவருக்கு நன்மை என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. என்ன பழகுகிறோம், அதை வேலையில் எந்த இடத்தில் பொருத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

மனச்சோர்வு திரும்ப வராமல் தடுப்பதற்காக சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் உருவாக்கிய எட்டு வாரப் பயிற்சியின் கதை இதற்குப் பொருத்தமானது. எம்பிசிடி என்று சொல்வார்கள். மூவரும் எண்ணங்களை மாற்றி மனநோயைக் குணப்படுத்தும் அறிவாற்றல் சிகிச்சையில் பெரிய கைகள். தாங்கள் தியானம் செய்யாமலே நோயாளிகளுக்கு அதன் உத்திகளைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கியிருந்த மன அழுத்த நிவாரண வகுப்புகளைப் போய்ப் பார்த்தபோது ஒரு வேறுபாடு அவர்களுக்குப் பிடிபட்டது. நோயாளி, "எனக்கு அழுகை வருகிறது" என்றால் இவர்கள் உடனே அதைச் சரிசெய்யக் கிளம்பிவிடுவார்கள். அங்கிருந்த ஆசிரியர்களோ அந்த அழுகையோடு கொஞ்ச நேரம் இருக்க நோயாளிக்குத் துணை நின்றார்கள். அந்தத் தெம்பு அவர்களுடைய சொந்தத் தினசரிப் பயிற்சியிலிருந்து வந்தது. மூவரும் தாங்களே தியானத்தில் இறங்கினார்கள். அதன்பிறகு, சொல்லிக்கொடுப்பவருக்குச் சொந்தப் பயிற்சி கட்டாயம் என்பது அந்த முறையின் விதியாகிவிட்டது.

இனி உங்கள் காலைத் தியானத்துக்கு வருவோம். அமைதியான அறை, கண்ணை மூடி, மூச்சு மட்டும். மனதைத் தேற்றிக்கொள்ள இது போதும். வார்டுக்குப் போதாது. அங்கே ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கும், டிராலி சத்தம் போடும், அட்டெண்டர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், உங்கள் கண் எப்போதும் திறந்திருக்கும். அதே இருபது நிமிடத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்.

முதல் எட்டு நிமிடம் வழக்கம்போல மூச்சு. ஆனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கடைசி மூன்று நாலு நிமிடம் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பார்த்தபடி இருங்கள். அடுத்த ஏழு நிமிடம் உடம்பில் எங்கே அசௌகரியம் இருக்கிறதோ அங்கே. அரிப்பு, முதுகுப் பிடிப்பு, நேற்று வார்டில் நடந்த வாக்குவாதம் நெஞ்சில் விட்டுப்போன கனம், எதுவானாலும் சரி. அது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, ஓரம் எங்கே முடிகிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். தாங்க முடியவில்லை என்றால் மூன்று மூச்சு பொறுத்து, நகரப்போகிறோம் என்று தெரிந்தே நகருங்கள். அசையாமல் இருந்து சாதிப்பதற்கு இங்கே மதிப்பில்லை. தூண்டுதலுக்கும் செயலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டாக்குவதுதான் வேலை. கடைசி ஐந்து நிமிடம் கருணைப் பயிற்சி.

கருணைப் பயிற்சியைப் பலர் அலங்காரமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் வேலையில் இருப்பவர்கள் விடக் கூடாதது அதுதான். மூளை ஆய்வாளர்கள் டானியா சிங்கரும் ஓல்கா கிலிமெக்கியும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்தபோது செய்த ஆய்வு இது. பங்கேற்றவர்களை முதலில் அடுத்தவர் வேதனையை அப்படியே தன் வேதனையாக உணரப் பழக்கினார்கள். பிறர் துன்பப்படும் காட்சிகளைப் பார்த்தபோது அவர்களுடைய மனநிலை இன்னும் மோசமானது. பிறகு அவர்களுக்கே கருணைப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த மோசமான உணர்வு பழைய அளவுக்கு இறங்கியது, நல்லுணர்வும் கூடியது, மூளையில் வேறு பகுதிகள் இயங்கின. கூடவே அழுவதும், நல்லது நடக்க வேண்டும் என்று நினைத்துத் துணை நிற்பதும் வெவ்வேறு. முதலாவது மட்டும் இருக்கும் நர்ஸ் இரண்டு மூன்று வருடத்தில் வற்றிப்போய், வேறு வார்டுக்கு மாற்றல் கேட்பார்.

கவனிப்புத் தியானம் உணர்வின் கூர்மையைக் கூட்டுகிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு உறைக்காத துக்கம் இப்போது உறைக்கும். "தியானம் ஆரம்பித்த பிறகுதான் வார்டு தாங்கவே முடியவில்லை" என்று சிலர் சொல்வதன் காரணம் இதுதான். கூர்மை மட்டும் வளர்ந்து, கருணைப் பக்கம் வளராமல் நின்றுவிட்ட நிலை அது.

செய்முறை எளிது. முதலில் உங்களிடம் அன்பாக இருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், பிறகு உங்களை, பிறகு வார்டில் இருக்கும் ஒரு நோயாளியை. மனதுக்குள், "உங்கள் வலி குறையட்டும், பயம் குறையட்டும், பக்கத்தில் துணை இருக்கட்டும்." பௌத்த மரபில் இதை மெத்தா என்பார்கள். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை வழியில் வந்தவர்களுக்கு "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்தும் பழக்கமே இதற்குப் போதும்; ஒருவர் முகத்தை நினைத்து நிதானமாகச் சொன்னால் வேலை செய்யும், எந்திரம் மாதிரி சொன்னால் செய்யாது. கூடவே இன்னொரு வரியும் வேண்டும்: "என்னால் ஆனதைச் செய்கிறேன், மற்றது என் கையில் இல்லை." இந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால், பிழைக்காத ஒவ்வொருவரும் உங்கள் தோல்வியாகத் தெரிவார்கள்.

வார்டில் பயிற்சிக்கென்று தனி நேரம் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னால் கையில் ஹேண்ட்ரப், அதாவது கிருமி நீக்கும் திரவம், தேய்க்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 20 முதல் 30 வினாடி. அந்த நேரம் உங்களுடையது. ஜென் ஆசிரியரும் மரணத் தறுவாயில் இருப்போருடன் நெடுங்காலம் பணியாற்றியவருமான ஜோன் ஹாலிஃபாக்ஸ் மருத்துவப் பணியாளர்களுக்காக ஒரு வரிசை வகுத்திருக்கிறார்: கவனத்தைத் திரட்டுவது, எதற்காக வந்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்வது, முதலில் தன் உடம்பையும் பிறகு எதிரில் இருப்பவரையும் உணர்வது, எது உதவும் என்று யோசிப்பது, செய்வது, செய்து முடித்துவிட்டு விடுபடுவது. உள்ளங்கை தேய்க்கும்போது பாதம் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள். விரலிடுக்கில் தேய்க்கும்போது இந்தக் கட்டிலில் இருப்பவரின் பெயரை மனதில் சொல்லுங்கள். காயும் வரை ஒரு மூச்சு, வெளிமூச்சு நீளமாக. பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். கட்டிலை விட்டு வந்து மறுபடி தேய்க்கும்போது அதே வரிசையின் கடைசிப் பகுதி: இவருடையது இங்கே முடிந்தது. அந்த இரண்டாவது தேய்ப்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆறாம் கட்டிலின் துக்கத்தை ஏழாம் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது அதனால்தான்.

வாரம் ஒருமுறை உடன் வேலை செய்யும் ஒருவரோடு கேட்கும் பயிற்சியும் செய்யுங்கள். ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும், மற்றவர் ஆலோசனை சொல்லாமல், தலையைக்கூட அதிகம் ஆட்டாமல் கேட்க வேண்டும். மனதுக்குள் பதில் உருவாகத் தொடங்கும்போது அதைக் கவனித்து, மூச்சுக்குத் திரும்புவதுபோல அவர் குரலுக்குத் திரும்ப வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு நிமிடம்தான். தனியாக உட்காரும் தியானத்தில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்.

இரவு டூட்டி முடித்துவந்தால் முதலில் தூங்குங்கள். தூக்கத்துக்குப் பதிலாகத் தியானம் என்று கணக்குப் போடுவது உங்களுக்கும் ஆபத்து, மருந்து அளவு பார்க்க வேண்டியிருப்பதால் நோயாளிக்கும் ஆபத்து. எழுந்த பிறகு பத்து நிமிடம் செய்தால் போதும்.

தியானம் செய்பவர்களே செய்யும் தவறுகள் சில உண்டு. மிகச் சாதாரணமானதும் மிகக் கேடானதும், அமைதியைக் கேடயமாக வைத்துக்கொள்வது. நோயாளி அழ ஆரம்பித்ததும் நீங்கள் உள்ளே போய் உங்கள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே உங்கள் முகம் வெறுமையாக இருக்கும். அவருக்கு அது, 'இந்த சிஸ்டருக்கு நான் ஒரு பொருட்டில்லை' என்றுதான் படும். கவனத்தில் கால்வாசி உங்கள் பாதத்தில், முக்கால்வாசி அவரிடம் என்பது நல்ல அளவு. அடுத்த தவறு, தனக்குப் பலித்ததை எல்லோருக்கும் பரிந்துரைப்பது. விபாசனா எனும் மௌனத் தியானத்தின் பத்து நாள் முகாமில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த உற்சாகத்தில் அதையே நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். அந்த முகாம்களைப் பரப்பிய கோயங்காவின் மரபிலேயே, முகாம் முடித்தவர் தானாகப் போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு நல்ல காரணம் இருக்கிறது. மூன்றாவது, குரல். சிலர் தியானம் என்றதும் இழுத்து, கிசுகிசுப்பாகப் பேசத் தொடங்குவார்கள். காது மங்கிய பெரியவருக்கு ஒன்றும் கேட்காது, பயந்திருப்பவருக்கு இன்னும் பயமாகும். நீங்கள் மாத்திரை விவரம் சொல்லும் அதே குரல் போதும், வேகத்தை மட்டும் குறையுங்கள்.

இப்போது சொல்லிக்கொடுப்பதற்கு வருகிறேன். குழுவாக ஆரம்பிக்காதீர்கள். வலி கட்டுப்பாட்டில் இருக்கும், தானாக ஆர்வம் காட்டும் ஒருவரோடு ஆரம்பியுங்கள். நேரம் மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. கபாட்-ஜின் முறையில் தினமும் 45 நிமிட வீட்டுப் பயிற்சி உண்டு. அது நடமாடும் ஆட்களுக்கு, இந்த வார்டுக்கு இல்லை. வலிக்காக வாயால் சாப்பிடும் சாதாரண மார்ஃபின் மாத்திரை உச்ச வேலைக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் அவரால் கவனிக்க முடியும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஐயா, கண்ணைத் திறந்தே வச்சிக்கலாம், மூடணும்னு தோணினா மூடிக்கலாம். எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம், கையைத் தூக்குங்க போதும். உள்ளங்கை போர்வை மேல படுறது தெரியுதா பாருங்க... சூடா இருக்கா, சில்லுனு இருக்கா... இப்ப காதுல என்னென்ன சத்தம் விழுது... மறுபடி கைக்கு வாங்க. மனசு வேற எங்கயாவது போனா தப்பில்ல, போனது தெரிஞ்சதும் கைக்குத் திரும்பி வாங்க." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே உங்களுடைய இரண்டு மூச்சு அளவுக்கு இடைவெளி விடுங்கள். நீங்களும் கூடவே செய்ய வேண்டும். செய்யாமல் வாசித்தால் வேகம் கூடிவிடும், அவருக்கும் அது தெரிந்துவிடும். "மனசைக் காலியா வச்சிக்கங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். யாராலும் முடியாது, முடியவில்லை என்பது அவர் பட்டியலில் இன்னொரு தோல்வியாகச் சேரும்.

மூச்சை விட்டுவிட்டு ஏன் கை? நுரையீரலில் நோய் பரவியவருக்கும் ரத்தசோகை முற்றியவருக்கும் மூச்சுதான் பயத்தின் இடம். அங்கே கவனத்தைக் கொண்டுபோனால் திணறல் கூடும், பீதி வரும். அவருக்குத் தேவை வேறு. மேஜைமேல் தலையணை வைத்து முன்னால் சாய்ந்து உட்காரவைப்பது, உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்வது, கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியை அரை அடி தள்ளி மூக்கும் மேலுதடும் இருக்கும் பகுதியில் காற்றுப் படும்படி பிடிப்பது. அந்தக் காற்று கன்னத்தில் படுவதைக் கவனிக்கச் சொன்னால் அதுவே அவருக்குத் தியானம்.

உடம்பின் ஒவ்வொரு பாகமாகக் கவனத்தை நகர்த்தும் பயிற்சியும் இப்படித்தான் சிக்கலில் கொண்டுபோய் விடும். மார்பகம் அகற்றப்பட்டவரிடம் "இப்போது நெஞ்சுப் பகுதி" என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த இடம் தொந்தரவில்லாமல் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பாதம், காது மடல், எதுவானாலும் அதுவே நங்கூரம். வலி இருக்கும் இடத்துக்குப் போவதா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

முன்பு வன்முறையோ விபத்தோ அனுபவித்தவர்கள் கண்ணை மூடி அமைதியானதும் பழைய காட்சிகள் கிளம்பலாம். படபடப்பு, உதறல், தன் உடம்பே தன்னுடையது இல்லைபோலத் தோன்றுவது, பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்துவது எல்லாம் அறிகுறிகள். உடனே நிறுத்துங்கள். "விடாமல் கவனியுங்கள்" என்று தள்ளாதீர்கள். கண்ணைத் திறந்து சுற்றிலும் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், சில்லென்ற தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுங்கள், டாக்டரிடம் தெரிவியுங்கள். தியானத்தால் பயம், தூக்கமின்மை, தன்னிலிருந்து விலகிய உணர்வு எல்லாம் வரக்கூடும் என்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் லிண்டால், பிரிட்டன் குழுவினர் 2017-ல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவர் சம்மதம் இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம். டெலிரியத்தில், அதாவது நோயாலோ மருந்தாலோ திடீரென வரும் மனக்குழப்பத்தில், இருப்பவருக்குக் கண் மூடும் பயிற்சி கூடவே கூடாது. அவருக்கு வெளிச்சம், கண்ணில் படும்படி ஒரு கடிகாரம், வீட்டார் குரல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி இவைதான் மருந்து. கடும் மனச்சோர்வில் இருப்பவரை நீண்ட மௌனத்தில் உட்காரவைத்தால் தன்னைத் திட்டிக்கொள்ளும் எண்ணம்தான் சுழலும். அவரை ஜன்னல் வரை நடத்திக் கூட்டிப்போவது மேல்.

வலிக்குத் தியானம் துணை, மாற்று இல்லை. நம் குடும்பங்களில் மார்ஃபின் என்றாலே "அடிமையாகிடுவாங்க, சீக்கிரம் போயிடுவாங்க" என்ற பயம் இருக்கிறது. "தியானம் செய்றாரே, மாத்திரை எதுக்கு" என்று ஒரு வேளை மருந்தைத் தள்ளிவைத்தால் நீங்கள் சொல்லிக்கொடுத்தது தீங்காக முடியும். முதல் நாளே நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும், இது மருந்தோடு சேர்த்துச் செய்வது, மருந்து நேரம் தவறக்கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள்.

முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் நர்ஸ் அப்படிக் கேட்டால் வருகிற ஒரே பதில், "ரொம்ப நல்லா இருந்துச்சு சிஸ்டர்." அவர் மரியாதைக்காகச் சொல்கிறார். அடுத்த முறை பிடிக்காவிட்டாலும் உங்களுக்காகச் செய்வார். "என்ன தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். "ஒண்ணும் தெரியல" என்றால், "சரி, அதுவும் சரிதான். எதாச்சும் தொந்தரவா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள். "கை கதகதப்பா இருந்துச்சு, அப்புறம் பையன் ஞாபகம் வந்துடுச்சு" என்றால், அந்த ஞாபகம் வந்தபோது உடம்பில் என்ன இருந்தது என்று கேட்கலாம். அங்கிருந்து பேச்சு பையனைப் பற்றிப் போனால் போகட்டும். தியானத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

மத விஷயத்தில் கவனம் வேண்டும். பொது வார்டில் ஓங்காரம் வேண்டாம். ஏற்கெனவே ஜெபமாலை உருட்டுகிறவர், தஸ்பீஹ் எண்ணுகிறவர், கந்த சஷ்டி கவசம் கேட்கிறவர் யாருக்கும் புதிதாக ஒன்றும் தர வேண்டியதில்லை. விரலில் மணி உருளுவதைக் கொஞ்சம் மெதுவாக உணரச் சொன்னால் போதும், அல்லது பக்கத்தில் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள்.

டாக்டர் உடனே வகுப்பு நடத்தச் சொன்னால் அவசரப்படாதீர்கள். 2022-ல் முடிவு வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்தது. எட்டு வார வகுப்பும் சில நாள் பயிற்சியும் முடித்த பள்ளி ஆசிரியர்கள் மைண்ட்ஃபுல்னஸ் எனும் கவனப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிகள் வழக்கமாக நடத்திவந்த மனநலப் பாடங்களைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் செய்து பார்க்கவும் இல்லை. காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் கற்றுக்கொண்ட கையோடு கும்பலாகச் சொல்லிக்கொடுப்பது வேலைக்கு ஆகாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இங்கிலாந்தில் இந்தப் பயிற்சியாளர்களை மதிப்பிட ஆறு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். பாடத்தை முழுமையாக நடத்துவது அதில் ஒன்றுதான். எதிரில் இருப்பவரோடு உறவாடும் விதம், தன் உடம்பிலும் நடத்தையிலும் அந்தக் கவனம் தெரிகிறதா என்பது, பயிற்சியின்போது வழிகாட்டும் மொழி, பயிற்சிக்குப் பின் கேட்டுப் பேசும் முறை, குழுவைத் தாங்கிப் பிடிப்பது ஆகியவை மற்றவை. நீங்கள் நடத்தும்போது அனுபவமுள்ள மனநல ஆலோசகர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த ஆறையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கென்று முறையான பயிற்சி எடுக்க வாய்ப்பு இருந்தால் குழுவை ஆரம்பிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறையாவது உங்களைவிட அனுபவம் கூடியவரிடம் வார்டு விஷயங்களைப் பேசுங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நோயாளியிடம் போக எனக்குப் பிடிக்கவில்லை, ஏன்?" என்பது. உங்களை மிரட்டிய அப்பாவின் குரல் ஒருவருக்கு இருக்கலாம், உங்கள் தங்கை வயதில் ஒருத்தி படுத்திருக்கலாம். தனியாகத் தியானத்தில் உட்கார்ந்து இதை முழுதாகப் பார்த்துவிட முடியாது. நமக்கு நாமே மறைத்துக்கொள்வதில் மனம் கெட்டிக்காரத்தனம் காட்டும். ஒருவர் இறந்துபோன டூட்டியில், உடலைத் துடைத்து அனுப்பிய பிறகு, உடன் இருந்த நர்ஸ்களோடு ஒரு நிமிடம் நின்று அவர் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். இறப்பு அடிக்கடி நேரும் வார்டுகளில் இந்த ஒரு நிமிடம் இல்லாததால் சேர்கிற பாரம் பெரிது.

நோயாளி, "இனி இருந்து என்ன, முடிச்சுக்கலாம்னு தோணுது" என்று சொன்னால் தியானத்தின் எல்லை அங்கே முடிகிறது. எப்படிச் செய்ய நினைக்கிறார், கையில் மாத்திரை சேர்த்து வைத்திருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தனியே விடாமல் அன்றைக்கே டாக்டருக்கும் மனநலப் பிரிவுக்கும் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்விட்டவர் என்றால் குடும்பத்தாரிடம் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐக் கொடுங்கள், எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். வலி மாத்திரை டப்பாவை வீட்டில் யார் பொறுப்பில் வைப்பது என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.